மூலமும் ஓடிபியும்

ஏ மாப்ளே, ஆஸ்பத்திரியில கால் கடுக்க நிக்காம, க்யூஆர் கோடை போன்ல ஸ்கேன் பண்ணி நொடியில டோக்கன் வாங்கிட்டியாமே! கெட்டிக்காரன்தான். மூலத்துக்கு மருந்து வாங்கப் போறத உம் பொண்டாட்டிகிட்டகூட மூச்சுவிடாத ஆளு நீ. வந்த ஓடிபிய மட்டும் கவுண்டர்ல நாலு பேரு கேக்கச் சத்தமாச் சொல்லியிருக்க.

அந்த டோக்கனுக்குப் பின்னால இருக்குறது ஆபா நம்பர். 14 இலக்கம். 2021 செப்டம்பர்ல நாடு முழுக்க ஆரம்பிச்ச ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்துல குடுக்குறது. வாங்குறதும் விடுறதும் அவங்கவங்க இஷ்டம்னு சர்க்காரே சொல்லுது. ஆனா கொரோனா ஊசிக்கு ஆதாரை நீட்டுன பலபேருக்கு, அவுகளுக்கே தெரியாம இந்த நம்பர் விழுந்துச்சு. அம்புட்டு அக்கறை!

நான் குத்தம் சொல்லல மாப்ளே. ரிக்கார்டு அந்தந்த ஆஸ்பத்திரியிலயே கெடக்கும், நீ சம்மதிச்சா வேற டாக்டர் பாக்கலாம். உங்காத்தாவுக்கு எந்த ஊசி ஆகாதுன்னு வெளியூர் டாக்டருக்கும் தெரிஞ்சா நல்லதுதான. பூட்டு கெட்டியா இருக்கணும், அவ்வளவுதான். 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ்லயே எவனோ புகுந்து அஞ்சு சர்வரை முடக்கிப்புட்டான். பெரிய பெரிய டாக்டருக பேனாவும் பேப்பருமா உக்காந்தாக. நம்மூரு நர்ஸம்மா அதப் பாத்திருந்தா, நோட்டுல கோடு போடக் கத்துக்குடுத்திருக்கும்.

தகவலக் காக்கச் சட்டம் இருக்குல்லன்னு கேப்ப. இருக்கு, 2023-ல போட்டது. தகவலப் பத்திரமா வைக்காதவனுக்கு 250 கோடி ரூவா வரைக்கும் அபராதம். வாயப் பொளக்காத, அம்புட்டும் அரசாங்கக் கஜானாவுக்கு. மானம் போன உனக்கு அதுல சல்லிக்காசு கெடையாது. பழைய ஐடி சட்டத்துல நஷ்டஈடு கேக்க வழி செஞ்ச 43ஏ-ங்கிற பிரிவையும் எடுத்துரச் சொல்லுது புதுச் சட்டம். பழைய சட்டத்தோட 2011 விதியில வைத்தியக் குறிப்புக்குத் தனி மரியாதை. புதுச் சட்டத்துல உம் மூலமும் உம் போன் நம்பரும் ஒரே பந்தியில. சும்மாவாச்சும் புகார் குடுத்தேன்னு வச்சுக்க, உனக்கே 10,000 வரைக்கும் அபராதம்! ஆக, தப்புப் பண்ணினாலும் பொலம்பினாலும் வரவு கஜானாவுக்குத்தான். கணக்குப் பிள்ளை கெட்டிக்காரன்.

குடுத்த சம்மதத்தத் திரும்ப வாங்கிக்கலாம். வேண்டாம்னா அந்த நம்பரையே அழிச்சிரவும் வழி வச்சிருக்காக. அடுத்த தடவ ஓடிபி கேட்டா, எதுக்கு, எத்தன நாளைக்கு, யாரு பாப்பான்னு கேட்டுட்டுச் சொல்லு. அதையும் மெதுவாச் சொல்லு.