ஆறு சதுரமும் ஒரு ஊதுகுழலும்

அமைச்சரின் கார் வாசலைத் தாண்டினாலே தனியார் சேனலில் சிவப்புப் பட்டையில் 'பிரேக்கிங் நியூஸ்' ஓடுகிறது; கார் திரும்பி வந்தால் அது இன்னொரு பிரேக்கிங். இரவு விவாதத்தில் ஆறு சதுரங்களுக்குள் ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்த, நெறியாளர் அவர்களைவிட உரக்கக் கத்தி அமைதி காக்கச் சொல்கிறார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, கணக்குத்தான். மாவட்டந்தோறும் செய்தியாளருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட ஆறு பேரைக் கூப்பிட்டுச் சண்டை மூட்டுவது மலிவு.

தூர்தர்ஷன் பார்க்கலாமே என்றால், 'அது சர்க்கார் ஊதுகுழல்' என்பார்கள். மறுப்பதற்கில்லை, ரிப்பன் வெட்டும் விழாவுக்கு அங்கே தனி மரியாதை. ஆனால் கோளாறு பொது ஒளிபரப்பில் இல்லை, பணப்பை யார் கையில் என்பதில் இருக்கிறது. அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது (கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில்தான், வேறெதற்கு அவ்வளவு தூரம் போவோம்?). தூர்தர்ஷனுக்குத் தன்னாட்சி தருவதற்கான பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997 வரை தூங்கி எழுந்தது; அதன்கீழ் அமைந்த நிறுவனமோ சம்பளத்துக்கு இன்றும் மத்திய அரசின் மானியத்தைத்தான் எதிர்பார்க்கிறது. பிரிட்டனில் பிபிசிக்கு வீடுவீடாக உரிமக் கட்டணம் வருகிறது. அந்தக் கட்டணத்தையும் அந்நாட்டு அரசுதான் நிர்ணயிக்கிறது, ஆனாலும் பிரதமரை உட்காரவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்க முடிகிறது. 'வரிக்கு மேல் கட்டணமா?' என்று இங்கே கொதிப்பவர்கள், கத்தலைக் கேட்க மாதாமாதம் கேபிள்காரருக்குக் கொடுப்பதை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை.