ஒத்து ஊதினவன் சொல்லுதேன்

ஏலே பேராண்டி, உக்காரு. நின்னுக்கிட்டே கடன் கேக்கப்படாது. கேக்கிறவன் உக்காந்து கேட்டாத்தான் குடுக்கிறவன் எந்திரிச்சுப் போறதுக்கு வசதியா இருக்கும்.

கார்டு அச்சடிச்சாச்சு. அதுல 'கேரளா செண்டை மேளம், கோவில்பட்டி'ன்னு தங்க எழுத்துல போட்டாச்சு. இனி செண்டை மட்டுந்தான் வாங்கணும். நல்ல வரிசை. மண்டபத்தை புக் பண்ணிட்டுப் பொண்ணு தேடுற காலத்துல உன்னை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகுது?

கடனோட யோசனையும் கேக்க என்கிட்ட வந்தது சரிதான். ஊர்ல ஆமாஞ்சாமி போடுறவனை எல்லாம் ஒத்து ஊதுறான்னு சொல்லுதாகளே, அந்த வேலையை நான் சம்பளத்துக்குப் பாத்தவன். ஒத்துன்னா பாக்கிறதுக்கு நாயனம் மாதிரியே இருக்கும், விரல் வச்சு வாசிக்க ஓட்டை கிடையாது. கீழே இருக்கிற துளையில மெழுகை அடைச்சுச் சுருதி சேத்துட்டா, அப்புறம் விடிய விடிய ஒரே சுரம். கன்னத்துல காத்தைத் தேக்கி வச்சுக்கிட்டு, மூக்கால இழுத்துக்கிட்டே வாயால விடணும். நடுவுல அறுந்துச்சுன்னா வித்வான் திரும்பி ஒரு பார்வை பாப்பாக. அந்தப் பார்வைக்கு ரெண்டு நாள் சோறு இறங்காது. பன்னெண்டு வயசுல பிடிச்சு பதினோரு வருசம் ஊதினேன். ஒருநாக்கூட எனக்கு ராகம் தப்பினதில்ல, பாத்துக்கோ.

அப்போ இந்த ஊரு காது வேற. பங்குனித் திருவிழாவுல செண்பகவல்லி அம்மனும் பூவனநாதரும் புறப்படும்போது மல்லாரி கேக்கும். கேட்டதும் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குற பொம்பளைங்க, சாமி வாசல் தாண்டிட்டுன்னு வீட்டுக்குள்ள இருந்தே சொல்லுவாக. காருகுறிச்சி அருணாசலம் அண்ணாச்சி குடியிருந்த ஊருல்லா இது! சேரன்மாதேவி பக்கம் பிறந்து, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைகிட்டத் தொழில் கத்து, இந்தக் கரிசக்காட்டுல வந்து இருந்தாக. 1962ல 'கொஞ்சும் சலங்கை' படத்துல எஸ்.ஜானகி குரலுக்கு ஈடா அவுக நாயனம் ஓடுச்சு. டீக்கடையில அந்த இசைத்தட்டு தேயுற வரைக்கும் ஓட்டுனாக. 1964ல போய்ச் சேந்துட்டாக.

இன்னொருத்தர் விளாத்திகுளம் சாமிகள். அவுகளுக்குப் பாட்டுல வார்த்தையே வேண்டாம், ராகத்தை மட்டும் மணிக்கணக்கா இழுப்பாக. உனக்கு ராகம் வேண்டாம், மைக் மட்டும் போதும். ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி விட்டுட்டீங்க, அம்புட்டுத்தான் வித்தியாசம்.

எனக்கு எப்போ வேலை போச்சுன்னு கேளு. 1968ல 'தில்லானா மோகனாம்பாள்' வந்துச்சு. மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி அண்ணந்தம்பி வாசிக்க, சிவாஜி கன்னத்தை உப்ப வைக்க, ஊரே நாயனத்தைத் தலையில தூக்கி வச்சு ஆடுச்சு. அதே வருசம் எங்க செட்டுல சுருதிப்பெட்டி வாங்குனாக. பெட்டி சோறு கேக்காது, வெத்தலை கேக்காது, பஸ்ல டிக்கெட்டும் கேக்காது. என் ஒத்தை உங்க ஆச்சி அடுப்படிக்குக் கொண்டுபோயி ஊதாங்குழலா வச்சுக்கிட்டா. அங்கேயும் அதுக்கு ஒரே சுரந்தான்.

உன்னை நையாண்டி பண்ணுதேன்னு நினைக்காத. நையாண்டின்னா நம்ம பக்கம் அது ஒரு மேளம். நாயனமும் தவிலும் ரெண்டு ரெண்டு, கூட பம்பை, டமுக்கு, தாளம். கரகம் ஆடுறவளுக்கு முன்னால அவுகளும் ஆடிக்கிட்டே வாசிப்பாக. கோயில்ல நாயனம் வாசிக்கிற பெரிய மேளத்துக்காரக அதைக் காதுல வாங்கினாலே தீட்டுங்கிற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிடுவாக. நையாண்டிக்காரக பேண்டு செட்டைப் பாத்து, 'சட்டைதான் வாசிக்குது'ன்னு சிரிப்பாக. எல்லாருஞ் சேந்து பறை அடிக்கிறவுகளைத் தள்ளி நிக்கச் சொன்னாக. சாவு விழுந்தா முதல்ல அவுக வரணும், பந்தி விரிச்சா மட்டும் வரப்படாது. இப்போ அதே பறையைக் காலேஜ் மேடையில கைதட்டிக் கேக்கான். தட்டுற கை எதுன்னு பாத்தா, தள்ளி நிக்கச் சொன்னவன் பேரனோட கையா இருக்கு. பெரிய மேளத்துக்காரகளுக்கு மட்டும் என்ன, தோள்ல கிடக்கிற துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத்தானே பெரிய மனுசன் முன்னால நின்னாக? ராஜரத்தினம் பிள்ளை ஷெர்வானி மாட்டி, மேடை போடு, உக்காந்து வாசிப்பேன்னு சொன்ன பொறவுதான் நிமிந்தாக.

சரி, என் கதைக்கு வாரேன். ஒத்து போனதும் பேண்டு செட்டுல சேந்தேன். வெள்ளைக்காரன் பட்டாளத்து வாத்தியம் அது. தஞ்சாவூர் சரபோஜி அரண்மனையிலேயே நுழைஞ்சாச்சு. அதுல இருந்த கிளாரினெட்டை நம்மாளு பிடுங்கிக் கர்நாடக சங்கீதமே வாசிச்சுட்டான். எனக்குக் குடுத்தது பெரிய டிரம். சித்திரை வெயில்ல செவப்புக் கோட்டு, தோள்ல ஜிகினாக் குஞ்சம், வயித்துல டிரம்மு. ஒரே அடி, டும். ஒத்துல கத்துக்கிட்டது வீண் போகல. அதுக்குப் பொறவு மைக் செட்டு, கொழாயைப் பனமரத்துல கட்டுற உத்தியோகம்.

அப்புறம் வந்துச்சு மெல்லிசைக் குழு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கிட்டுக் கட்சி மேடை மேடையாப் பாடினவரு. அந்தத் தம்பிகள்ல ஒருத்தர் 1976ல 'அன்னக்கிளி' போட்டாரு. அன்னையில இருந்து மேசையைத் தட்டத் தெரிஞ்ச பயலுக எல்லாம் குழு ஆரம்பிச்சானுக. ஊருக்கு ஒரு ஜூனியர் டி.எம்.எஸ்., தெருவுக்கு ஒரு ஜூனியர் எஸ்.பி.பி. 1982ல 'பயணங்கள் முடிவதில்லை' வந்த பொறவு, பாடத் தெரியாதவனும் மோகன் மாதிரி வகிடு எடுத்து மைக்கைப் பிடிச்சான். நானும் ஒரு குழுவுல மரக்காஸ் குலுக்கினேன். என்ன குலுக்கினேன்னு கேக்காத, ஒரே குலுக்கு.

இத்தனையிலயும் ஒண்ணு மட்டும் மாறல. புதுசு எது வந்தாலும் இதோட சங்கீதம் செத்துச்சுன்னு ஒரு கிழவன் சொல்லுவான். அந்தக் கிழவன் வேலையை நான் பாக்கமாட்டேன். அதுக்குச் சம்பளம் கிடையாது.

இப்போ உன் செண்டைக்கு வருவோம். பஞ்சாரி மேளம் முதக் காலத்துல ஒரு சுத்துக்கு 96 அட்சரம். யானை நடக்கிற மாதிரி மெள்ள எடுத்து, படிப்படியா முறுக்கி, ரெண்டு மணி நேரம் போனாத்தான் உச்சத்துக்கு வரும். நீ உச்சத்துல ஆரம்பிச்சு உச்சத்துலயே நிப்பாட்டுவ. ரீல்ஸ்ல கேட்டா அப்படித்தான் வரும். ஒரு மழைக்காலம் திருச்சூர்ப் பக்கம் போயி, ஆசான் ஒருத்தர் காலடியில உக்காந்து கல்லு மேல புளியங்கட்டையைத் தட்டிக் கத்துக்கோ. இல்ல, முடியாதுன்னா கசவு முண்டை ஒழுங்காக் கட்டவாச்சும் பழகு. பாதி ஊர்வலத்துல அவுந்தா தாளம் தப்பும். யாராச்சும் மலையாளத்துல பேசினா இருமிக்கோ.

பணத்தைத் தாலி ஏறுறதுக்கு முன்னால வாங்கிரு. கெட்டி மேளம் முடிஞ்சா உன் முகமே அவுகளுக்கு மறந்துபோகும். ஒரு வீட்டுல பாக்கிக்கு அலைஞ்சு அலைஞ்சு, நான் கடைசியாப் போனப்போ அந்தக் கல்யாணத்துப் பிள்ளைக்குக் காதுகுத்து நடக்குது. அங்கேயும் வாசிச்சுக் குடுத்துட்டு வந்தேன்.

பத்து மணியை மறந்துராத. ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு சட்டம். எங்க காலத்துல ராத்திரி பத்துக்குத்தான் வித்வான் வெத்தலையைத் துப்பிட்டுத் தோடியைத் தொடுவாக. இப்போ தோடிக்கே போலீசு வரும்.

இன்னொண்ணு. செண்டையில முன்வரிசையில நின்னு கைவரிசை காட்டுறது கொஞ்சப் பேருதான். பின்னால நிக்கிற வலந்தலைக்காரனும், ஜால்ரா மாதிரி இலத்தாளம் தட்டுறவனும் அதே அடியை அடிச்சுக்கிட்டே இருப்பான். நீ சேத்து வச்சிருக்கிற பத்துப் பேரும் முன்வரிசைக்குத்தான் வாரேங்கான், இல்லியா? தெரியும். உங்க அம்மை சொன்னா. இலத்தாளத்துக்கு ஆள் அம்பிடலேன்னு நேத்து ராத்திரி பூரா போன்ல கெஞ்சிக்கிட்டு இருந்தியாமே.

எனக்கு எம்பது வயசாச்சு. பல்லு இல்ல, கை இருக்கு. ஒரே தட்டு தட்டுற வேலையில என்னை விட அனுபவஸ்தன் இந்த வட்டாரத்துல கிடையாது. முண்டு நீ வாங்கித் தரணும். வண்டியில சன்னலோரம் எனக்கு. பந்தியில முதல் பந்தி. தாத்தாங்கிற உறவைக் கணக்குல சேக்கப்படாது, ஒரு நாளைக்கு எம்புட்டுன்னு இப்பவே பேசிரு.

பேசிட்டியா? சரி. நீ கேட்ட பணத்துல என் அட்வான்சைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தாரேன். அந்தத் தகரப்பெட்டியை இங்கிட்டு நகத்து.