ஒன்பது ரன்னும் ஒரு ரயிலும்

புனேவில் கடைக்காரர்தான் ராஜா. வாடிக்கையாளர் மனு கொடுக்க வந்தவர். மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். நடுவில் வானமே இடிந்து விழுந்தாலும் தூக்கம் தூக்கம்தான். வீட்டு வாசல்களில் தொங்கும் பலகைகள் இன்னும் பிரசித்தம். மணியை ஒருமுறை அடித்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் செவிடர்கள் அல்ல என்கிற ரகம். இப்படி வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியே பழகிய ஊரில், வந்தவர்கள் தாங்களாகவே பாதி வேலையில் கிளம்பிப் போன சம்பவம் ஒன்று 1948 டிசம்பரில் நடந்தது. அழைத்துக்கொண்டு போனவர் நிஜமாகவே ஒரு ராஜா.

அதைச் சொல்வதற்கு முன் அந்த ஊர்க்காரர்கள் கிரிக்கெட்டில் மட்டையை விடாமல் காஜி பிடித்து ஆடிய லட்சணத்தைச் சொல்லிவிட வேண்டும்.

மகாராஷ்டிர அணியின் ஆதிகுரு டி.பி. தேவ்தர். தொழில், புனே எஸ்.பி. கல்லூரியில் சமஸ்கிருதப் பேராசிரியர். வகுப்பில் எட்டு வேற்றுமைகளையும் சொல்லிக்கொடுப்பார்; மைதானத்தில் எதிரணிப் பந்துவீச்சாளர்களுக்கு எட்டாம் வேற்றுமையை மட்டும் கற்றுக்கொடுப்பார். சாயங்காலம் ஆகும்போது எல்லோரும் விளி வேற்றுமையில் “ஹே ராம” என்பார்கள். மற்றவர்கள் மூட்டு வலிக்குத் தைலம் தேடும் 48 வயதில் பம்பாய் அணிக்கு எதிராக 246 அடித்தார். சரி, ஏதோ கடைசி ஆசை என்று விட்டால், 52 வயதில் ஒரே ஆட்டத்தின் இரண்டு இன்னிங்ஸிலும் சதம். அவர் தலைமையில் மகாராஷ்டிரம் 1939-40, 1940-41 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ரஞ்சிக் கோப்பையைத் தூக்கியது. இரண்டாவது முறை தோற்றது யார் என்று கேட்காதீர்கள். மெட்ராஸ்தான். அதுவும் நம் சேப்பாக்கத்திலேயே. 1892-இல் பிறந்த பேராசிரியர் 1993 வரை அவுட்டாகவில்லை.

நம் பக்கத்து வழக்கம் வேறு. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் மெட்ராசுக்கும் மைசூருக்கும் நடந்தது. மைசூர் 48, மெட்ராஸ் 130, மறுபடி மைசூர் 59. ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். ஒரே நாளில் ஆட்டம் முடிந்து எல்லோரும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்தார்கள். மெட்ராஸ்காரனுக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும். புனேக்காரனுக்கு வீட்டில் என்ன வேலை?

இனி 1948 டிசம்பர் 16. பூனா கிளப் மைதானம். எதிரணி காத்தியவார்.

காத்தியவார் என்பது குஜராத் தீபகற்பத்தில் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்கள் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த பிரதேசம். தடுக்கி விழுந்தால் ஒரு ராஜாவின் மடியில்தான் விழவேண்டும். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அத்தனை பேரின் ராஜ்ஜியங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புது இந்தியாவில் இணைத்திருந்தார்கள். கொடி போயிற்று, ஆட்சி போயிற்று. அப்படி அன்றாட அலுவல் திடீரென்று குறைந்துபோனவர்களில் ஒருவரான ராஜ்கோட் தாக்கூர் சாஹேப், காத்தியவார் அணியின் கேப்டனாகப் புனே வந்திருந்தார். பதினோரு குடிமக்கள் மிச்சம் இருந்தார்கள், அவரையும் சேர்த்து.

காத்தியவார் முதலில் ஆடி 238-க்குச் சுருண்டது. மகாராஷ்டிரம் ஆட வந்தது. முதல் விக்கெட் விழுந்ததும் தாக்கூர் சாஹேப் சந்தோஷப்பட்டிருப்பார். அந்தச் சந்தோஷம்தான் மொத்த வினைக்கும் காரணம். விக்கெட் விழாமல் இருந்திருந்தால் மூன்றாம் எண்காரர் உள்ளே வந்திருக்கவே மாட்டார்.

அந்த மூன்றாம் எண்காரர் பாவுசாஹேப் பாபாசாஹேப் நிம்பல்கர். கோலாப்பூர்க்காரர். 29 வயது முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. தாக்கூர் சாஹேபுக்கு ஒரு சாஹேப், இவருக்கு இரண்டு. பெயரிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பக்கம் கே.வி. பண்டார்கர், இந்தப் பக்கம் நிம்பல்கர். இருவரும் இரண்டாவது விக்கெட்டுக்குச் சேர்த்தது 455 ரன். அதுவே ஓர் உலகச் சாதனை. 1974-இல் இங்கிலாந்தில் ஜேம்சனும் கன்ஹாயும் 465 எடுக்கும்வரை நின்றது. பண்டார்கர் 205 அடித்தார். வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் ஊரே அவரைத் தோளில் தூக்கியிருக்கும். இங்கே அவர் நிலைமை கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. போட்டோவில் இருக்கிறார், யாரும் அவரைத் தேடவில்லை.

நிம்பல்கர் ஆடினார். ஆடினார். ஆடிக்கொண்டே இருந்தார். இருநூறு, முந்நூறு, அப்புறம் நானூறு. தெருக்கிரிக்கெட்டில் ஒருவன் இப்படிக் காஜி பிடித்தால் பந்து காணாமல் போகும், அல்லது பேட்டின் சொந்தக்காரனை அம்மா சாப்பிடக் கூப்பிடுவாள். ரஞ்சி ஆட்டத்தில் அந்த வசதிகள் இல்லை. 494 நிமிடம், 49 பவுண்டரி, ஒரு சிக்ஸர். மூன்றாம் நாள் இடைவேளைக்கு எல்லோரும் பெவிலியனுக்குத் திரும்பியபோது மகாராஷ்டிரம் 4 விக்கெட்டுக்கு 826. நிம்பல்கர் அவுட்டாகாமல் 443.

உலகச் சாதனை அப்போது 452, அவுட்டாகாமல். வைத்திருந்தவர் டான் பிராட்மேன். 1930 ஜனவரியில் சிட்னியில் குவீன்ஸ்லாந்து அணியைப் புரட்டி எடுத்தது. சமன் செய்ய 9 ரன். தாண்ட 10. நிம்பல்கர் அதுவரை ஆடிய வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் 11 நிமிட வேலை. சூடான டீ ஆறுகிற நேரம். சாதனை பக்கத்தில் இருப்பதே நிம்பல்கருக்கு அந்த இடைவேளையில்தான் தெரியவந்தது என்று சொல்வார்கள். வீட்டு வாசலில் இத்தனை பலகை தொங்கவிடும் ஊரில், மைதானத்தில் இதை ஒரு பலகையில் எழுதிக் காட்ட ஆள் இல்லை.

தெரியவேண்டாதவருக்கு மட்டும் தெரிந்துபோனது. தாக்கூர் சாஹேப் கணக்குப் போட்டார். ராஜ்ஜியம் போயிற்று, சரி. இப்போது ஒரே ஆளிடம் உலகத்திலேயே அதிக ரன் வாங்கிக் கட்டிக்கொண்ட அணி என்று புத்தகத்தில் ஏறினால் மிச்சம் இருக்கும் மானமும் போகும். மகாராஷ்டிர கேப்டனிடம் போனார். டிக்ளேர் செய்கிறீர்களா, இல்லை நாங்கள் ஊருக்குப் போகட்டுமா என்பதுதான் விஷயம். இரண்டு ஓவர் மட்டும் கொடுங்கள் என்று மகாராஷ்டிரத் தரப்பு கேட்டுப் பார்த்தது. முடியாது. காத்தியவார் அணி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. ஆட்டம் மகாராஷ்டிரத்துக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

போர்க்களத்தில் புறமுதுகிட்ட மன்னர்கள் உண்டு. டிபன் இடைவேளையில் புறமுதுகிட்டவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் கோப்பைக்குப் பெயர் கொடுத்த ரஞ்சித்சிங்ஜி, காத்தியவாரின் நவாநகர் சமஸ்தானத்தை ஆண்டவர். சொந்த ஊர்ப் பெரியவர் பெயரில் நடந்த விருந்தில்தான் இலையை மடக்காமல் எழுந்து போயிருக்கிறார்கள்.

நியாயமாகப் பார்த்தால் அடுத்த மாதமே நிம்பல்கர் இந்திய அணியில் இருந்திருக்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகள் அணி அப்போது இந்தியாவில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் 443 அடித்த இரண்டே வாரத்தில் கல்கத்தாவில் டெஸ்ட். 1949 ஜனவரியில் சென்னையில் டெஸ்ட். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி. ரன் அடிக்க ஆள் இல்லாமல் தவித்த தேர்வாளர்கள், ரன் அடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத மனிதரைக் கடைசிவரை ஒரு டெஸ்ட்டுக்கும் கூப்பிடவில்லை. ஒருவேளை அவர்கள் புனேக்காரர்களாக இருந்திருக்கலாம். மணியை ஒருமுறை அடித்தால் போதும் என்று போர்டு வைத்துவிட்டு உள்ளே தூங்கியிருக்கலாம். நிம்பல்கர் அடித்ததோ 443 முறை.

அந்த ஆண்டு கிரகநிலையே அப்படித்தான் போலிருக்கிறது. 1948 ஆகஸ்டில் பிராட்மேன் தன் கடைசி டெஸ்ட்டில் 4 ரன் அடித்தால் சராசரி 100. டக் அவுட் ஆனார்; சராசரி 99.94-இல் நின்றது. டிசம்பரில் நிம்பல்கருக்கு 9 குறைந்தது. ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில் எவர்டன் வீக்ஸ் தொடர்ந்து ஆறாவது டெஸ்ட் சதத்தை நோக்கிப் போய் 90-இல் ரன் அவுட், 10 குறைந்தது. சனிப்பெயர்ச்சி பலன் எழுதுகிறவர்கள் யாராவது இதைக் கவனித்திருந்தால் ஒரு தனிப் புத்தகமே போட்டிருக்கலாம்.

புனேக்காரர்கள் மட்டும் அசரவில்லை. ஓடிப்போகாத ஓர் எதிரி கிடைத்தால் என்ன ஆகும் என்று காட்டவேண்டாமா? 1949 மார்ச். அதே சீசன், அதே ஊர். பம்பாய் அரையிறுதி ஆட வந்தது. பம்பாய் 651. மகாராஷ்டிரம் 407. பம்பாய் மறுபடி 8 விக்கெட்டுக்கு 714. இனி 959 ரன் எடுத்தால் வெற்றி என்று மகாராஷ்டிரத்திடம் சொன்னார்கள். நாகரிகமான அணி என்றால் கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போகும். இவர்கள் உட்கார்ந்து 604 எடுத்துவிட்டுத்தான் தோற்றார்கள். ஏழு நாள், ஒன்பது சதம், மொத்தம் 2,376 ரன். முதல்தரக் கிரிக்கெட்டில் ஒரே ஆட்டத்தில் எடுக்கப்பட்ட அதிகபட்ச ரன் இதுவே. நாம் ஒரே நாளில் சுருட்டி வைத்துவிட்டு வந்த அதே ரஞ்சி ஆட்டத்தை இவர்கள் கோயில் உற்சவம் மாதிரி கொடியேற்றி, வாகனம் வைத்து, தேரிழுத்து ஒரு வாரம் நடத்தினார்கள்.

நாமும் பிற்காலத்தில் கற்றுக்கொண்டோம். 1988-89 சீசனில் பனாஜியில் கோவாவுக்கு எதிராகத் தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912. டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் அவுட்டாகாமல் 302. அன்று ஒரே நாளில் ஆட்டத்தை முடித்துவைத்த ராம்சிங்கின் பேரன்தான் இந்த அர்ஜன். ஆனால் அந்த 912-இல் 52 ரன் நாம் அடித்ததே இல்லை. கோவாக்காரர்கள் மெதுவாகப் பந்து வீசியதற்கு அபராதமாக வந்து விழுந்தது. ஓடிப்போனவர்களுக்கும் அப்படி ஓர் அபராதம் 1948-இல் இருந்திருந்தால்? அப்போதும் பிரயோசனமில்லை. அபராத ரன் அணியின் கணக்கில்தான் சேரும். ஆடியவர் கணக்கு 443 என்றே நிற்கும்.

தாக்கூர் சாஹேப் காப்பாற்ற நினைத்த மானத்தின் கதைக்கு வருவோம். பிராட்மேன் 452 அடித்தபோது எதிரணி குவீன்ஸ்லாந்து. இன்று யாராவது குவீன்ஸ்லாந்தைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? 1959-இல் கராச்சியில் ஹனீப் முகமது அந்தச் சாதனையைத் தாண்டி, 500-ஆவது ரன்னுக்கு ஓடி 499-இல் ரன் அவுட் ஆனார். வாங்கிக் கட்டிக்கொண்ட அணி பகவல்பூர். கிரிக்கெட் வினாடி வினாவில்கூட யாரும் கேட்பதில்லை. 1994-இல் பிரையன் லாரா அவுட்டாகாமல் 501. பாவம் டர்ஹாம், அவர்களும் நிம்மதியாக இருக்கிறார்கள். காத்தியவார் மட்டும் இன்னொரு 11 நிமிடம் பந்து பொறுக்கியிருந்தால், பத்து ஆண்டில் ஹனீப் வந்து அந்தப் பழியைத் துடைத்துப் பகவல்பூரின் தலையில் கட்டியிருப்பார். ஓடினார்கள், அதனால் எழுபது ஆண்டு தாண்டியும் பிடிபட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நின்று அடி வாங்கியவனை ஊர் மறந்துவிடும். ஓடியவனைத்தான் திருவிழாவுக்குத் திருவிழா கதையாகச் சொல்லும்.

நிம்பல்கருக்கு இதனால் லாபமே. 453 அடித்திருந்தால் பத்து ஆண்டு உலகச் சாதனையாளர், அப்புறம் பட்டியலில் ஒரு வரி. 443 அடித்ததால் இன்றும் அவரைப் பற்றிப் பேசுகிறோம். உலகப் பட்டியலில் நாலாவது இடம். இந்தியாவில் இன்றுவரை முதலிடம். பிராட்மேனே கடிதம் எழுதி, என் ஆட்டத்தைவிட உங்களுடையது சிறந்தது என்று பாராட்டினாராம். 2012 டிசம்பர் 11 அன்று கோலாப்பூரில் காலமானார். மறுநாள் வந்திருந்தால் 93 வயது முடிந்திருக்கும். அங்கேயும் ஒன்று குறைந்தது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. காத்தியவார் அணி ஸ்டேஷனுக்குப் போனதுவரை எல்லோரும் எழுதிவைத்திருக்கிறார்கள். ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. நம் ரயில்களை நான் அறிவேன். பெட்டியின் மேல் உட்கார்ந்து, டீ குடித்து, தண்டவாளத்தை எட்டி எட்டிப் பார்த்து, அந்தப் பிளாட்பாரத்தில் அவர்கள் 11 நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருந்திருப்பார்கள்.