தாண்டிய ஆண்டு

1996இல் மலேசியக் கல்வி அமைச்சு பி.டி.எஸ். என்றொரு தேர்வைக் கொண்டுவந்தது. மூன்றாம் ஆண்டில் தேறும் கெட்டிக்காரப் பிள்ளை, நான்கைத் தாண்டி நேரே ஐந்துக்குப் போகலாம். பகாவ் பக்கத் தோட்டத்தில் ஒரு பொடியன் தாண்டினான் என்று வையுங்கள். அப்பன் பால்மரக்காடு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆறாம் ஆண்டு முடிவில் கணிதத்தில் ஏ, மலாயில் டி. மலாயில் தேறாதவரை இடைநிலைப் பள்ளி முதலில் ஓராண்டு உட்காரவைக்கும் புகுமுக வகுப்பு, மிச்சம் பிடித்த ஆண்டை வாங்கிக்கொள்ளும். கணக்கு நேர்!

2001இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். சின்னத் தோட்டப் பள்ளிகளுக்கு அதனால் பெரிய நட்டமில்லை. மாணவர் குறைந்து இரண்டு ஆண்டுக்காரர்களை ஒரே அறையில் உட்காரவைத்த இடங்களில், கெட்டிக்காரன் பக்கத்து வரிசைப் பாடத்தையும் சேர்த்தே கேட்டுவிடுகிறான். தேர்வு வேண்டாம், படிவம் வேண்டாம், அமைச்சும் வேண்டாம். ஆசிரியருக்குத்தான் வாய் ஒன்று.