செலவில்லாத கிறிஸ்துமஸ்

1970களில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் எளிமையாக இருந்ததற்கு ஞானக் காரணம் எதுவும் கிடையாது. அப்பாவுக்கு மில் வேலை. போனஸ் தீபாவளிக்கு வரும். பாலன் பிறப்பதற்குள் அது மளிகைக்கடை, அடகுக்கடை, வீட்டுக்காரர் என்று சேரவேண்டிய இடமெல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். டிசம்பரில் கையிருப்பு பக்தி மட்டும்தான்.

ஆகவே துணி கடனுக்கு. ஒரே தானிலிருந்து வெட்டி அண்ணன் தம்பி அத்தனை பேருக்கும் சட்டை. மிச்சத்தில் தலையணை உறை. புதுச்சேரி மிஷன் வீதி சம்பா கோவிலில் நள்ளிரவுப் பூசைக்கு நாங்கள் வரிசையாக முழங்கால் போட்டால், இது எந்த வீட்டுக் கட்டம் போட்ட துணி என்று சாமியார் பீடத்திலிருந்தே சொல்லிவிடுவார். 1791இல் எழுந்த அந்தக் கோயில் எத்தனையோ பவிசுகளைப் பார்த்திருக்கிறது. எங்கள் சட்டையையும் பொறுத்துக்கொண்டது.

குடிலுக்கென்று கடையில் எதுவும் வாங்கமாட்டோம். சாக்கில் கரியும் நீலமும் அடித்தால் மலை. முளைவிட்ட கேழ்வரகு புல்வெளி. கொசப்பாளையத்து மண் ஆடுகளில் ஒன்றுக்குக் கால் இல்லை. அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிடுவோம். எதிர்வீட்டு முதலியாரம்மா தன் கொலுவிலிருந்து இரவல் கொடுத்த தயிர்க்காரியும் செட்டியாரும் இடையர்களுக்குப் பக்கத்தில் நின்று பாலனைத் தரிசித்தார்கள். செட்டியாருக்கு முன்னால் இருந்த பருப்பு மூட்டைகளை அம்மா எடுக்க விடவில்லை. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் நிஜ மாட்டையும் கழுதையையும் கட்டிக் குடில் போட்டார் என்று ஞானோபதேசத்தில் கேட்டு வந்து சொன்னேன். “வைக்கோல் யார் வாங்கிப் போட்டதாம்?” என்றாள் அம்மா. மரத்துக்குச் சவுக்குக் கிளை, பனிக்குத் தலையணைப் பஞ்சு. டிசம்பர் மழையில் தெருவே மிதக்கும் ஊரில் பனி எதற்கு என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

விவிகம் கேக் விஷயத்தில் மட்டும் அம்மா கஞ்சத்தனம் பார்த்ததில்லை. புதுச்சேரி கத்தோலிக்க வீடுகளில் அது இல்லாமல் பாலன் பிறக்கமாட்டார். மைதாவுக்குப் பதில் ரவை. வறுத்து, வெண்ணெயில் பிசறி ஊறவிட வேண்டும். முட்டை, சர்க்கரை, ரம்மில் ஊறிய திராட்சை, முந்திரி. ரம்முக்கு இந்த ஊரில் என்றைக்குமே பஞ்சமில்லை. பஞ்சம் வந்ததெல்லாம் நம்பிக்கைக்குத்தான். பாட்டிலில் அளவு தெரிய அம்மா பென்சிலால் கோடு போட்டுவைப்பாள். அப்பா தண்ணீர் ஊற்றிக் கோட்டை எட்டவைப்பார். அடுப்பு வசதி எங்கள் வீட்டில் ஏது? மாவைத் தகர டின்னில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, பேக்கரியின் விறகு அடுப்புக்குத் தூக்கிப் போக வேண்டும். டின்னுக்கு இவ்வளவு என்று சுடுகூலி. சீட்டு எரிந்து டின் மாறிவிடாமல் காவலுக்கு நான். தெரு முழுக்க டின்னோடு அங்கேதான் நிற்கும். யார் வீட்டு மாவில் முட்டை குறைச்சல் என்பது பூசைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும்.

பிறகு தட்டுகள் புறப்படும். தீபாவளிக்கு எந்த வீட்டு அதிரசம் எத்தனை வந்தது, ரம்ஜானுக்குப் பாய் வீட்டுப் பிரியாணி எந்தச் சட்டியில் வந்தது, எல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். அதற்கேற்றபடி கலகலா, அச்சுமுறுக்கு, கேக். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா வீட்டுக்கு மட்டும் ஓரம் கருகாத நடுத்துண்டு. டிசம்பரில் பாரிஸிலிருந்து அவர் மகள் வருவாள், சாக்லெட்டோடு. அந்த ஜிகினாத் தாளை அக்கா நகத்தால் நீவித்தான் குடிலுக்கு நட்சத்திரம் செய்வாள். வியாபாரமே இல்லாத பண்டிகை அது என்று சொன்னால் பெரிய மார்க்கெட் தரகர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

இப்போது பண்டிகை வாரத்தில் ஒயிட் டவுனுக்குள் நுழையவே முடிவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையே வந்து இறங்கிவிடுகிறது. பழைய பிரெஞ்சு வீடுகளில் நடக்கும் ஓட்டல்களில் ‘வீட்டு முறைக் கிறிஸ்துமஸ் விருந்து’ உண்டு, ஜிஎஸ்டி தனி. இதையெல்லாம் பார்த்து மனம் வெறுத்த என் மருமகள் பெங்களூரிலிருந்து போன் செய்தாள்: “மாமா, இந்த வருஷம் கமர்ஷியலா எதுவும் வேணாம். உங்க காலத்துல பண்ண மாதிரியே பண்ணலாம்.”

எங்கள் காலத்தைக் கொண்டுவர ஆன்லைனில் ஆர்டர் பறந்தது. நாங்கள் காற்றாடித் தாளும் மூங்கில் சிம்புமாக ஒட்டிய ஸ்டார், ‘எக்கோ ஃப்ரெண்ட்லி’ என்ற பட்டத்தோடு, பளபளக்கும் எல்இடி ஸ்டாரைவிட மூன்று மடங்கு விலைக்கு வந்தது. சாக்கும் வந்தது, சலவை செய்து, மடித்து, பெட்டியில். பரிசுகள் கையால் செய்தவையாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதால், பேரப்பிள்ளைகள் மண்பாண்டப் பயிற்சிக்குப் போனார்கள், அதற்குக் கட்டணம். வெளியாள் டின்னை வாங்கிச் சுட்டுத்தர இப்போது எந்த பேக்கரியும் தயாரில்லை, ஆகவே ஓவன். என் மனைவி பில்களை ஒரு கிளிப்பில் கோத்துக்கொண்டே வந்தாள், ஒன்றும் பேசவில்லை.

ஆனாலும் 23ஆம் தேதி சாயங்காலம் நன்றாகவே இருந்தது. போன்களைக் கூடையில் போட்டுவிட்டு, கூடத்தில் பாய் விரித்து எல்லோரும் கலகலா உருட்டினோம். மாவைப் புதுச் சீப்பின் மேல் வைத்துச் சுருட்டினால்தான் வரி விழும். “யாரோட சீப்பு தாத்தா இது?” என்று பேரன் கேட்டுக்கொண்டே இருந்தான். முறைக்கு ஒரு தரம் சண்டை வந்தது. பள்ளி, வேலை, வீட்டுக்கடன் எதையும் பற்றிப் பேச்சே எழவில்லை.

விவிகமும் அம்மா கைப்பக்குவத்துக்குக் கிட்டத்தில் வந்தது. பென்சில் கோடு போட்டது என் மனைவி. மருமகள் அதைப் படம் எடுத்து, கடையில் வாங்காத கிறிஸ்துமஸ் என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். மறுநாள் காலைக்குள் அவள் அடுக்ககத் தோழிகளிடமிருந்து வரிசையாகச் செய்தி: புத்தாண்டுக்குக் கிடைக்குமா, கிலோ என்ன விலை?

“என்ன அத்தை சொல்றது?” என்று சங்கடத்தோடு கேட்டாள்.

என் மனைவி பில் கத்தையை அவள் பக்கம் நகர்த்தினாள். “முட்டை விலைய மறக்காம சேத்துக்கம்மா. பாதிப் பணம் அட்வான்ஸா வாங்கிடு.”