ஒரே பிரதி

1985-இல் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் நான் சேர்ந்தபோது, அடுத்த மாதம் எந்தப் புத்தகம் என்பதை அலமாரிதான் முடிவு செய்தது. இரண்டு பிரதி இருக்கும் நாவல் என்றால் அதற்கே முதலிடம். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். பன்னிரண்டு பேர், முப்பது நாள், ஒரு பிரதி. நூலகர் ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர்களை வரிசையாக எழுதி, ஆளுக்கு இரண்டு இரவு என்று கணக்குப் போட்டுத் தருவார். தடித்த நாவலாக இருந்தால் மூன்று இரவு. அப்போது கூட்டம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகும்.

கோவில்பட்டியிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வர வேண்டிய கரிசல் ஊர் அது. வட்டத்தில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர் இருவர், ஒரு தபால்காரர், நான்கைந்து வாத்தியார்கள், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பெண்கள் என்று பார்த்தால் தையல் டீச்சரும் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் மட்டும். என் முறை வரும் இரண்டு இரவுகளிலும் வீட்டில் சீக்கிரம் விளக்கை அணைக்க விடமாட்டேன். மூன்றாம் நாள் காலை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் புத்தகம் தையல் டீச்சர் கையில் இருந்தாக வேண்டும்.

எந்த வகைப் புத்தகம் வாசிக்கலாம் என்பதில் வட்டத்துக்கு உறுதியான எண்ணம் இருந்தது. சமூக நாவல் வாசிக்கலாம். சரித்திர நாவலில் கல்கிக்கு மறுப்பில்லை. துப்பறியும் மாத நாவல்கள் நூலக வாசலுக்கு வெளியே நின்றன. அவற்றைப் பெட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்து எல்லாருமே படித்தோம், கூட்டத்தில் மட்டும் பேசமாட்டோம். சுஜாதாவைச் சேர்க்கலாமா என்று இரண்டு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில் அவருடைய சிறுகதைகளுக்கு இடம் கிடைத்தது, தொடர்கதைகளுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. சினிமாவாக வந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது தலைமையாசிரியரின் விதி. "சினிமாக்காரர் ஏற்கெனவே பொறுக்கியதை நாம ஏன் மறுபடி பொறுக்கணும்? அவங்க தொடாததைப் படிப்போம்" என்பார். அவர் பேச்சில் இருந்த நேர்மையை அப்போதும் மதித்தேன், இப்போதும் மதிக்கிறேன். ஆனால் அந்த விதியால் எங்கள் கைக்கு வராமல் போனவற்றை எண்ணிப் பார்த்தால் இன்றும் மனசு தாங்கவில்லை. உமாசந்திரனின் 'முள்ளும் மலரும்', புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை', பொன்னீலனின் 'உறவுகள்' என்று மூன்று நூல்களையும் மகேந்திரன் படமாக்கிவிட்டார் என்ற ஒரே காரணத்துக்காக அலமாரியிலேயே விட்டுவிட்டோம்.

விதியை உடைத்தது ஜெயகாந்தன். 'அக்கினிப் பிரவேசம்' கதையை ஒரு தொகுப்பிலிருந்து வாசித்துவிட்டு, மகள் தலையில் தண்ணீர் ஊற்றி அவளைத் தூய்மைப்படுத்தும் அந்தத் தாயைப் பற்றி விடிய விடியப் பேசினோம். அந்தத் தாய் செய்தது சரியா, தப்பா? அன்றிரவு தையல் டீச்சர்தான் சொன்னார்: அந்தத் தாய் வேறு மாதிரி நடந்திருந்தால், கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் மகள் கதி என்ன ஆகும் என்பதையும் அவரே நாவலாக எழுதிவிட்டார் என்று. அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. 1977-இல் பீம்சிங் இயக்கத்தில் படமாகி, கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எங்கள் விவாதத்தின் மறுபாதி ஒரு சினிமா நாவலுக்குள் இருந்தது. தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டை நூலகரிடம் நகர்த்தி, "எழுதுங்க" என்றார்.

நாவலில் கங்கா தனக்குள்ளேயே பேசிக்கொண்டு போவாள். அவள் மனசுக்குள் ஓடுவது முழுவதும் நமக்குக் கேட்கும். படத்தைக் கோவில்பட்டியில் மறுபடி ஓட்டியபோது நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போய்ப் பார்த்தோம். அந்தப் பேச்சில் பெரும்பகுதி திரையில் இல்லை. லட்சுமி பேசாமல் நிற்கும் இடங்களில் மட்டும் அது தெரிந்தது. எழுத்து என்ன செய்கிறது என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. ஒரே கதையை இரண்டு விதமாகச் சந்திக்கும்வரை, வாக்கியம் என்பது கதையைச் சுமந்து வரும் வண்டி என்றே நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு சினிமா நூல் என்று வழக்கமானது. ஞாயிறு மதியம் தூர்தர்ஷனில் பிறமொழிப் படங்கள் வரும். ஊரில் தொலைக்காட்சி இருந்த இரண்டு வீடுகளில் ஒன்று தபால்காரருடைய வீடு. தகழியின் 'செம்மீன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் வாசித்தது அந்தக் காலத்தில்தான். கறுத்தம்மாவுக்கு நாங்கள் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு முகம் வைத்திருந்தோம். பல மாதம் கழித்து ராமு காரியத்தின் படத்தைத் தபால்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தபோது, என் கறுத்தம்மா கொஞ்ச நேரம் எதிர்த்துப் பார்த்துவிட்டு ஷீலாவின் முகத்துக்குள் போய்விட்டாள். இன்றுவரை அவளை என்னால் மீட்க முடியவில்லை. முதலில் புத்தகம், பிறகுதான் படம் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு அந்தத் திண்ணைதான் காரணம்.

கல்யாணம், வேலை, மாற்றல் என்று ஊரைவிட்டுப் போய், 2018-இல் திரும்பி வந்தேன். தலைமையாசிரியர் இல்லை. தையல் டீச்சர் மகன் வீட்டோடு போய்விட்டார். வட்டத்தில் நான்கு பேர் மிச்சம், எல்லாரும் ஐம்பது தாண்டியவர்கள். பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. விரும்பியதை யார் வேண்டுமானாலும் வாங்கி, மூன்று நாளில் வீட்டுக்கு வரவழைக்கலாம். ஆனாலும் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைத் திறந்திருக்க மாட்டார்கள். அடுத்தவர் காத்திருக்கிறார் என்ற அவசரம் இல்லாதபோது, வீட்டில் இருக்கும் புத்தகம் வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

2019 அக்டோபரில் 'அசுரன்' படம் வெளியானது. அடுத்த வாரமே நூலகத்துக்கு ஏழெட்டு இளைஞர்கள் வந்து நின்று, அதற்கு மூலமான பூமணியின் 'வெக்கை' இருக்கிறதா என்று கேட்டார்கள். 1982-இல் வந்த நாவல், இதே கரிசலில் பிறந்தவர் எழுதியது. எங்கள் நூலகத்தில் ஒரு பிரதி இருந்தது. புதிய நூலகர் அதைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டி, முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தார். பல வருஷம் யாரும் எடுக்கவில்லை. எங்கள் வட்டமும் அதை எடுத்ததே இல்லை. சினிமா தொடாத நாவல்தான் என்றாலும், 'கொலையில் தொடங்குகிற கதை' என்று சொல்லி ஒருமுறை தள்ளி வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒரு படம்தான் எங்கள் மண்ணின் நாவலை எங்கள் மேசைக்குக் கொண்டுவந்தது. இந்த உண்மையை நான் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

அந்த நவம்பர்க் கூட்டத்துக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். படத்தின் மையத்தில் நிற்பவர் அப்பா, அந்த வேடத்தில் தனுஷ். நாவல் அந்தப் பதினைந்து வயதுப் பையன் சிதம்பரத்தை விட்டு நகர்வதே இல்லை. வடக்கூரானை வெட்டிவிட்டு, அப்பனும் மகனுமாக எட்டு நாள் காட்டில் அலைகிறார்கள். பயம், பசி, கிடைத்ததைப் பொசுக்கித் தின்பது, இடையிடையே அப்பன் சொல்லும் பழைய கதைகள். நாவல் முழுக்க இதுதான். படத்தில் வேகமாகக் கடந்துபோகும் அந்த அலைச்சல்தான் புத்தகத்தின் உயிர்.

அன்று பஞ்சு மில் வேலைக்குப் போகும் ஒரு பெண் பேசினாள். "படத்துல சண்டை வந்தப்போ நான் கைதட்டினேன் அத்தை. புத்தகத்துல கைதட்ட இடமே இல்ல. அந்தப் பையன் தூங்குற இடத்துல எங்க தம்பி ஞாபகம் வந்து மூடி வச்சிட்டேன்." சினிமா நூல்களைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவளை யாரும் விருது பெற்ற நாவல் என்று சொல்லி வாசிக்க வைக்கவில்லை. படம் பார்த்தாள், பிடித்திருந்தது, தேடி வந்தாள். தலைமையாசிரியரின் விதி இருந்திருந்தால் அந்தப் பெண் வாசலோடு திரும்பிப் போயிருப்பாள்.

இப்போது தேர்வு வாட்ஸாப்பில் நடக்கிறது. மாதத்துக்கு ஒரு வகை என்று சுற்று வைத்திருக்கிறோம். துப்பறியும் கதைக்கு ஒரு மாதம், தன்வரலாற்றுக்கு ஒரு மாதம், மொழிபெயர்ப்புக்கு, அறிவியல் புனைவுக்கு, சினிமா நூலுக்கு என்று ஒவ்வொன்றும் வரும். அந்தக் காலத்தில் வாசலுக்கு வெளியே நின்ற மாத நாவல்காரர்களுக்கும் இன்று நாற்காலி உண்டு. ராஜேஷ்குமாரை வாசித்த மாதம் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் படித்து முடித்து வந்திருந்தார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான்.

சினிமா மாதத்தில் மட்டும் நான் குறுக்கே விழுந்து பேசுவேன். படத்துக்கும் நூலுக்கும் இடையே தூரம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. சந்திரகுமாரின் 'லாக்கப்' நூலை எடுத்தது அப்படித்தான். 'விசாரணை' படத்தின் முன்பாதி அந்த நூலிலிருந்து வந்தது, பின்பாதி வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. எங்கே நூல் நிற்கிறது, ஏன் படம் நிற்கவில்லை என்று இரண்டு மணி நேரம் பேச முடிந்தது. 'சிற்றன்னை'க்கு ஒரு சோதனை செய்தோம். பாதிப் பேர் அதிலிருந்து வந்த 'உதிரிப்பூக்கள்' படத்தை முதலில் பார்ப்பது, மீதிப் பேர் நூலை முதலில் வாசிப்பது. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த ஆற்றங்கரை முடிவைப் புத்தகத்தில் தேடி ஏமாந்தார்கள். நூலிலிருந்து வந்தவர்கள், மகேந்திரன் எவ்வளவு துணிந்து விலகிப் போயிருக்கிறார் என்று வியந்தார்கள். படம் மூலத்துக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று அதுவரை அடித்துப் பேசிய கணக்கர் மகன், அதற்குப் பிறகு அந்த வார்த்தையை எடுக்கவில்லை.

என் பிடிவாதமும் கொஞ்சம் தளர்ந்தது. எது முதலில் என்ற கேள்வியே பொருந்தாத ஒரு நூலும் உண்டு என்று ஒரு மாதம் பேச்சு வந்தது. கல்கியின் 'தியாகபூமி' ஆனந்த விகடனில் தொடராக வந்துகொண்டிருந்தபோதே, கே. சுப்பிரமணியம் அதைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். 1939-இல் தொடருக்குப் படத்தின் புகைப்படங்களைத்தான் போட்டார்கள். அந்த வாசகர்கள் கதையையும் நடிகர்களின் முகத்தையும் ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில் சந்தித்தார்கள்.

அதே கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படமாக வந்த 2022-இல், வட்டத்தில் என்னைவிட மூத்தவரான அண்ணாச்சி ஒருவர் அழாத குறையாகப் பேசினார். 1950 முதல் கல்கி இதழில் வந்த தொடரைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்பை அவர் அப்பா விட்டுப் போயிருக்கிறார். மணியம் வரைந்த வந்தியத்தேவன்தான் அவருடைய வந்தியத்தேவன். "இனி என் பேரனுக்குக் கார்த்தி முகம்தான தாயி" என்றார். எனக்குக் கறுத்தம்மா ஞாபகம் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தொகுப்புகளைத் துணிப்பையில் தூக்கி வந்து மேசையில் விரித்து வைத்தார். படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் குனிந்து ஒவ்வொரு ஓவியமாகப் பார்த்தார்கள். ஐந்து பாகத்தையும் முடித்தவர்கள் மூன்று பேர்தான், ஆனால் மணியம் என்ற பெயர் இப்போது இருபது பேருக்குத் தெரியும்.

எனக்கு ஒரு பயம் உண்டு, அதைக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். கேட்பவர்கள் எல்லாரும் படத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தால், படமாகாத நூல் யார் கையைப் பிடித்து வரும்? பூமணியின் 'வெக்கை'யைத் தேடி வந்தவர்களில் அவருடைய 'பிறகு' நாவலைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. அதனால் எங்கள் வட்டத்தில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு சினிமா நூல் வாசித்தால், அடுத்த மாதம் அதே எழுத்தாளரின் படமாகாத நூல் ஒன்றை வாசிக்க வேண்டும். 'பிறகு' அப்படித்தான் வந்தது. அழகிரியின் வாழ்க்கையைப் படித்துவிட்டு அந்த மில் பெண், "இதை யாரும் படமா எடுக்கலையா அத்தை?" என்று கேட்டாள். எடுக்கவில்லை என்றேன். "நல்லது" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இந்த மாதம் கி. ராஜநாராயணனின் 'கிடை'. அம்ஷன்குமார் 2003-இல் 'ஒருத்தி' என்று அதைப் படமாக்கினார். ஓட்டெடுப்பில் அதற்கு விழுந்தவை பதினாறு ஓட்டுகள். இடைசெவல் இங்கிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம். கிடை மறிக்கும் ஆட்டுக்காரர்கள் இப்போதும் கோடையில் எங்கள் ஊர்ப் புஞ்சைகளுக்கு வருகிறார்கள். நூலகத்தில் குறுநாவல் ஒரு பிரதிதான் இருக்கிறது. புதிதாக வாங்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். சின்னப் புத்தகம்தானே, சுற்றிக் கொடுக்கலாம் என்றார் நூலகர்.

அவர் நோட்டு எடுத்தார். ஆளுக்கு ஒரு இரவு. என் முறை வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை மில் ஷிப்டுக்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும்.