முரண்டு பிடிக்கும் பழைய பெட்டி

கேள்வி: ஸ்விட்சைப் போட்டதும் பழைய கணினி பீப் பீப் என்று அலறுகிறது, திரையில் ஒன்றுமில்லை. புதிய இயங்குதளம் அதற்குப் பிடிக்கவில்லையோ?

பதில்: இயங்குதளம் இன்னும் வாசற்படிக்கே வரவில்லை. மின்சாரம் வந்ததும் மதர்போர்டிலுள்ள பயாஸ் முதலில் தன் வீட்டு ஆட்களை எண்ணிப் பார்க்கும். திரை எழுவதற்கு முன்பே ஆள் குறைந்தால் அதற்குத் தெரிந்த ஒரே மொழி பீப். எத்தனை பீப்புக்கு என்ன பொருள் என்பது பயாஸ் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். ஆனாலும் பழைய பெட்டியில் முதல் சந்தேகம் ரேம் மீதுதான். கழற்றி, பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகுவது ரிப்பேர் கடைகளின் கைவைத்தியம். பல நேரம் பலிக்கும்.

கேள்வி: “கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 அழுத்தவும்” என்கிறதே, இது என்ன நக்கல்?

பதில்: நக்கல் இல்லை, பழக்கதோஷம். எந்தப் பிழையானாலும் கடைசியில் அதே வரியை ஒட்டிவிடுவது பழைய பயாஸின் வழக்கம். யூஎஸ்பி கீபோர்டு இருந்தும் இப்படி வந்தால், செட்டப்பில் ‘யூஎஸ்பி லெகசி சப்போர்ட்’ அணைந்து கிடக்கலாம். அதை இயக்கச் செட்டப்புக்குள் போக வேண்டும். உள்ளே போகக் கீபோர்டு வேண்டும்! உருண்டை முனை பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றைப் பழைய சாமான்காரரிடம் போடாமல் வைத்திருப்பவர்கள் இங்கே பிழைத்துக்கொள்வார்கள்.

கேள்வி: ஐஎஸ்ஓ கோப்பைப் பென் டிரைவில் காப்பி செய்தாயிற்று. “ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்” என்கிறது. கோப்பு அங்கேதானே இருக்கிறது?

பதில்: இருக்கிறது. கோப்பு என்றால் என்னவென்றே பயாஸுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அது பார்ப்பது வட்டின் முதல் செக்டாரை மட்டுமே: மொத்தம் 512 பைட். அதில் 446 பைட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி 2 பைட் ‘55 ஏஏ’ என்னும் முத்திரை. 1983இல் டாஸ் 2.0 வந்த காலத்து ஏற்பாடு இது. முத்திரை சரியென்றால் அந்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் பயாஸ் ஒதுங்கிவிடும். கோப்பைக் காப்பி செய்வதால் முதல் செக்டாரில் ஓர் எழுத்தும் மாறாது. கல்யாணப் பத்திரிகைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு ‘யாரையும் காணோமே’ என்று வாசலைப் பார்ப்பது போன்றது. ரூஃபஸ் போன்ற கருவியோ லினக்ஸின் டிடி கட்டளையோ அந்தச் செக்டாரையும் சேர்த்து எழுதும்.

கேள்வி: ரூஃபஸில் செய்த பென் டிரைவ் புது லேப்டாப்பில் ஓடுகிறது, 2008 மாடல் பெட்டியில் ஓடவில்லையே?

பதில்: புதிய பெட்டிகளில் பயாஸ் இருந்த நாற்காலியில் யூஇஎஃப்ஐ உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஃபேட் வகைக் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியும். முதல் செக்டார் நிரலைச் சட்டை செய்யாமல் நேரே ‘இஎஃப்ஐ’ ஃபோல்டருக்குள் போய், அங்குள்ள ‘பூட்’ ஃபோல்டரின் கோப்பை ஓட்டும். ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையாக ஜிபிடியைத் தேர்ந்தெடுத்திருந்தால் பழைய பெட்டிக்கு அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. மேலே சொன்ன முதல் செக்டார் முறையான எம்பிஆர் என்று மாற்றி மறுபடி எழுத வேண்டும்.

இடையில் ஒரு கலப்பினமும் உண்டு. 2006ஆம் ஆண்டின் இன்டெல் மேக்குகள் சிலவற்றிலும், பிற்காலத்து ஏட்டம் சில்லு டேப்லெட்டுகள் பலவற்றிலும் உள்ளே 64 பிட் சிபியு என்னும் எஜமான், வாசலில் 32 பிட் இஎஃப்ஐ என்னும் காவலாளி. 64 பிட் பூட் கோப்பை அந்தக் காவலாளி உள்ளே விடமாட்டார். ‘பூட்ஐஏ32’ என்ற கோப்பும் வட்டில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: பூட் வரிசையில் பென் டிரைவின் பெயரே இல்லை.

பதில்: செருகிய பிறகு பெட்டியை ஆன் செய்து, ஹார்டு டிஸ்க் பட்டியலுக்குள் தேட வேண்டும், பல பயாஸ்கள் பென் டிரைவையும் ஹார்டு டிஸ்க் சாதியிலேயே சேர்த்துவிடும். பென்டியம் 3 காலத்துப் பெட்டியென்றால் சிடிதான் கதி.

கேள்வி: “எக்ஸ்86-64 சிபியு வேண்டும், இருப்பதோ ஐ686” என்று சொல்லி நின்றுவிடுகிறது.

பதில்: இவ்வளவு நேர்மையான பிழைச்செய்தி கிடைப்பது அபூர்வம். 32 பிட் பதிப்பு தேவை. 2025இல் வெளியான டெபியன் 13 அந்த நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12இல் உண்டு. 2003இல் வந்த முதல் பென்டியம் எம் சில்லுகள் வேறு ரகம்: பிஏஇ வசதி உள்ளே இருந்தும் ‘இல்லை’ என்று சாதிக்கும். கெர்னல் வரியில் ‘ஃபோர்ஸ்பிஏஇ’ சேர்த்தால் ஒப்புக்கொள்ளும்.

கேள்வி: மெனு வருகிறது, அப்புறம் கும்மிருட்டு.

பதில்: கெர்னல் வரியில் ‘நோமோட்செட்’.

கேள்வி: நிறுவல் முடிந்தது. பென் டிரைவை உருவினால் பெட்டி எழ மறுக்கிறது.

பதில்: பூட் லோடர் பென் டிரைவிலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டைக் கட்டிவிட்டுச் சாவியைக் கொத்தனார் பையில் விட்ட கதை. நிறுவும்போது கிரப் என்னும் அந்தப் பூட் லோடர் எந்த வட்டுக்குப் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சரியான வட்டில் இருந்தும் ‘கிரப் ரெஸ்க்யூ’ வந்தால் வட்டின் அளவைப் பார்க்கலாம். 28 பிட் செக்டார் எண்ணோடு நின்றுவிட்ட பயாஸுக்கு 137 ஜிபிக்கு அப்பால் உலகமே இல்லை. கெர்னல் அந்தப் பக்கம் விழுந்தால் கிரப்புக்கு எட்டாது. வட்டின் தொடக்கத்தில் சிறிய பூட் பார்ட்டிஷன் ஒன்று ஒதுக்கினால் தீரும். கிரப்புக்கு மூத்த பூட் லோடரான லைலோ பிழையைச் சொல்வதில் கெட்டிக்காரன். தன் பெயரை எழுத்தெழுத்தாகத் திரையில் எழுதும். ‘எல்’லோடு நின்றால் இரண்டாம் பகுதி ஏறவில்லை, ‘எல்ஐ’யோடு நின்றால் ஏறியும் ஓடவில்லை. இத்தனை சிக்கனமாக நோய் சொன்ன மென்பொருள் அதற்குப் பின் வரவில்லை.

கேள்வி: நேற்றுவரை ஓடிய எக்ஸ்பி இன்று நீலத்திரையில் ‘7பி’ என்கிறது. யாரும் எதையும் தொடவில்லை.

பதில்: தொட்டது பேட்டரி. மதர்போர்டிலுள்ள சிஆர்2032 வில்லை தீர்ந்தால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து ஆரம்ப நிலைக்குத் திரும்பும். சாட்டா முறை ஐடிஇயிலிருந்து ஏஹெச்சிஐக்குத் தாவினால், அதற்கான டிரைவர் இல்லாத எக்ஸ்பிக்கு வட்டே தெரியாது. கடிகாரம் பல ஆண்டு பின்னோக்கி ஓடியிருந்தால் சந்தேகம் உறுதி. புது வில்லையைப் போட்டு, தேதியைத் திருத்தி, சாட்டா முறையைப் பழையபடி ஐடிஇ ஆக்கினால் எக்ஸ்பி எழுந்துவிடும்.